மணக்கும் இலையும் மறைந்திருக்கும் ஆபத்தும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் இரைச்சலைத் தாண்டிக் கிராமப் பக்கமாக நடந்தால், தைல மரத் தோப்புகள் கண்ணில் படுகின்றன. ஒரு தோப்பில் சருகு அரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், இலை ஒன்றைக் கசக்கி என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு தம்பி! பேரனுக்குச் சளி புடிச்சிருக்கு. கடைத் தைலத்தைத் தேன்ல குழைச்சு நாக்குல தடவினா சட்டுனு கேக்கும்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?"

"வேண்டவே வேண்டாம் பாட்டி!" என்று பதறினேன். ஏன் என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல, மரத்தின் கதையையே சொல்ல வேண்டியதாயிற்று.

நீலகிரிக்கு வந்த விருந்தாளி

யூகலிப்டஸ் நம் நாட்டு மரமன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1843-ல் காப்டன் காட்டன் என்பவர் நீலகிரியில் அதை நட்டார். விறகுக்காகச் சோலைக்காடுகள் அழிந்துவந்த காலம் அது. விரைவில் வளரும் இந்த மரத்தை 1863 முதல் பெருவாரியாகப் பயிரிட்டார்கள். விறகுக்கு வந்த மரம், பிறகு 'நீலகிரித் தைலம்' என்று நம் வீடுகளுக்குள் புகுந்தது!

ஆனால் மலையில் மணப்பது ஒரு ஜாதி. சமவெளித் தோப்புகளில் நிற்பது பெரும்பாலும் வேறு ஜாதி. பின்னதைக் காகிதக் கூழுக்கும் கம்புகளுக்குமே அதிகம் வளர்க்கிறார்கள். அதன் இலையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் அதிலுள்ள சரக்கின் அளவு மரத்துக்கு மரம் மாறும்.

இலைக்குள் ஒரு ரசாயனசாலை

இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் சிறு புள்ளிகள் தெரியும். அவையே எண்ணெய்ச் சுரப்பிகள். பூச்சிகளும் ஆடுமாடுகளும் தின்றுவிடாதபடி மரம் தனக்காகத் தயாரித்து வைத்திருக்கும் ஆயுதம் அது.

அந்த எண்ணெயின் உயிர்நாடி 'சினியோல்' என்ற பொருள். 1870-ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் குளோயெஸ் இதற்கு 'யூகலிப்டால்' என்று பெயரிட்டார். இத்தகைய வாசனைப் பொருள்களை ஆராய்ந்த ஜெர்மானியர் ஆட்டோ வாலாக், 1910-ல் நோபல் பரிசு பெற்றார்.

சினியோல் தனியாகக் கொதிக்க சுமார் 176 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குள்ளாகவே ஆவியாகிவிடும். ஆகவேதான் இலைகளை அண்டாவில் அடைத்து நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி குளிர்ந்ததும் நீர் கீழேயும் எண்ணெய் மேலேயும் பிரிந்து நிற்கிறது. நூறு கிலோ மலை இலைக்கு ஒரு கிலோ எண்ணெய், சில சமயம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு சின்னச் சீசாவுக்குள் எத்தனை இலைகள் அடங்கியிருக்கின்றன, பார்த்தீர்களா! ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மருந்தா, விஷமா?

சினியோல் சளியை இளக்கும், வீக்கத்தைத் தணிக்கும். மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளையும் அது தூண்டுவதால், அடைப்பு நீங்கியதுபோல் இதமாக இருக்கிறது. சோதனைச்சாலையில் சில கிருமிகளையும் கொல்கிறது. ஆனால் கண்ணாடித் தட்டில் சாகும் கிருமி வேறு, உடம்புக்குள் இருக்கும் கிருமி வேறு. ஜலதோஷத்தையே இது குணப்படுத்திவிடும் என்று எண்ணுவது தவறு.

இதே எண்ணெயைக் குடித்துவிட்டால் நிலைமை தலைகீழ்! ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். அதுவும் அரை மணி நேரத்துக்குள் நேர்ந்துவிடக்கூடும். தப்பித் தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும். சீசாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கைக்குழந்தைகளின் மூக்கருகிலும் இதைத் தடவலாகாது. பெரியவர்கள் ஆவி பிடிக்கும்போதுகூட, கொதிநீர்ப் பாத்திரத்தின் பக்கம் சிறுவர்களை அண்டவிடக் கூடாது. வெந்நீர் கொட்டி வெந்துபோவது சளியைவிடப் பெரிய துன்பமல்லவா?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பாட்டி, சருகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டார். நாலடி நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"சீசா சாமி மாடத்துல, அவன் கைக்கு எட்டற எடத்துலதான் இருக்கு தம்பி. போனதும் மொதல்ல அதை எடுத்து மேலே வைக்கணும்" என்றார்.

அன்று அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார் என்றே எனக்குத் தோன்றியது.