குழல் விளக்கும் சோக்கும்

எம் விடுதிப் படிப்பறையில் இரண்டடிக் குழல் விளக்கொன்று சின்னாளில் இரு முனையும் கறுத்து அவிந்தது. புதிய குழல் இட்டோம். அதற்கும் அக்கதியே நேர்ந்தது. குழலைச் செய்தாரையே குறை கூறினோம். பின்னர் ஏணி வைத்து ஏறி நோக்கியவிடத்து, குழலில் 20 வாட் என்றும், அதனோடு இணைந்த சோக்கில் 40 வாட் என்றும் பொறித்திருக்கக் கண்டோம். பிழை குழலினதன்று, பொருத்தத்தினது. அப்பொருத்தம் யாதென ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

இழை விளக்கு தன்னைத் தானே அடக்கிக்கொள்ள வல்லது. இழை சூடேற ஏற அதன் தடை மிகும். ஆதலின் மின்னோட்டம் எல்லை கடவாது. வாயு விளக்கின் இயல்போ இதற்கு மாறானது. குழலினுள் விரையும் எலக்ட்ரான்கள் பாதரச ஆவியின் அணுக்களைத் தாக்கிப் புதிய எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஓட்டம் பெருகப் பெருக வழியும் எளிதாகின்றது. ஏரிக்கரை உடைப்பைக் கண்டோர் இதனை நன்குணர்வர்: நீர் பாயப் பாய உடைப்பு அகலும், உடைப்பு அகல அகல நீர் மேலும் பாயும். தடுப்பதொன்று இன்றேல், 230 வோல்ட்டு மின்சாரத்தில் நேரே இணைந்து எரியத் தொடங்கிய குழல் நொடியில் அழியும்.

அவ்வெள்ளத்தை அளவிட்டு விடும் மதகே சோக்கு. அஃது இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய கம்பிச்சுருள். மாறுதிசை மின்னோட்டத்தைத் தன் காந்தத்தால் எதிர்ப்பது. வெறுந் தடையை இட்டாலும் ஓட்டம் குறையும். ஆயின் அது மின்னாற்றலை வெப்பமாக்கி வீணாக்கும். சுருளோ தான் ஏற்ற ஆற்றலிற் பெரும்பங்கைத் திரும்ப அளித்துவிடும்.

மதகு வயலுக்கு ஏற்றதாதல் வேண்டுமன்றோ? நான்கடி 40 வாட் குழலுக்கு ஏறக்குறைய 0.43 ஆம்பியரும், இரண்டடி 20 வாட் குழலுக்கு 0.37 ஆம்பியரும் வேண்டும். பெரிய சோக்கைச் சிறு குழலுக்கு இடின், மிகையான ஓட்டத்தால் குழல் பளிச்செனத் தோன்றி விரைவில் மாளும். சோக்கும் அளவுகடந்து சூடேறும். சிறிய சோக்கைப் பெருங்குழலுக்கு இடின், முனையிழைகள் போதிய சூடு பெறாமல் தேயும், விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஆயினும், 20 வாட் குழல்கள் இரண்டை வரிசையாக இணைத்து, அதற்குரிய ஸ்டார்ட்டர்களுடன் ஒரு 40 வாட் சோக்கில் எரிப்பதுண்டு. இரண்டும் சேர்ந்து ஏற்கும் வோல்ட்டு ஒரு நான்கடிக் குழல் ஏற்பதற்கு அணித்தாதலே காரணம்.

விளக்கு எரிகின்றது என்பதொன்றே பொருத்தத்திற்குச் சான்றாகாது. எம் படிப்பறை விளக்கும் நன்றாகவே எரிந்தது. அண்டை அறையினர் அதன் ஒளியைப் புகழ்ந்ததும் உண்டு. தொடவொண்ணாச் சூட்டோடு அச்சோக்கு உலர்ந்த மரவிட்டத்தில் அறையப்பட்டிருந்ததை நினைக்குந்தோறும் எம் உள்ளம் நடுங்குகின்றது. ஆதலின், குழல் வாங்கச் செல்வோர் சோக்கின்மேற் பொறித்த எண்ணையும் வாசித்துச் செல்வாராக.