அதிகம் அறியப்படாத ஜப்பானிய உணவுகள்

ஜப்பானிய உணவு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் சுஷி, ராமென் ஆகிய இரண்டுமே நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு மக்கள் வீட்டில் அன்றாடம் உண்பவை வேறு. அவற்றுள் சில தமிழர் நாவுக்கு எளிதில் பழகக்கூடியவை. ஜப்பானிய மரபு உணவுமுறையான வாஷோக்கு 2013ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

டாஷி

ஜப்பானியச் சமையலின் அடிப்படை டாஷி எனும் தெளிந்த சாறு. கொம்பு எனும் கடற்பாசியையும் கட்சுஓபுஷி எனும் உலர்மீன் சீவலையும் வெந்நீரிலிட்டு இதனை எடுப்பர். கட்சுஓபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தியது. இலங்கைத் தமிழர் சம்பலில் சேர்க்கும் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு இது. கொம்புவின் சுவைக்குக் காரணம் குளூட்டாமிக் அமிலம் என்பதை 1908இல் கிகுனே இக்கேடா கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அஜினோமோட்டோ விற்பனைக்கு வந்தது.

மரக்கறி உண்போர் இங்குதான் கவனமாக இருக்க வேண்டும். வெறும் டோஃபுவும் கீரையும் மிதக்கும் மிசோ சூப்பிலும் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். படிக்கவோ பணிபுரியவோ ஜப்பான் செல்லும் மாணவர்கள், "இறைச்சி இல்லை" என்ற பதிலோடு நின்றுவிடாமல், டாஷி எதில் எடுத்தது என்று கேட்பது நல்லது.

சுவைக்கத்தக்கவை

ஷோஜின் ரியோரி என்பது பௌத்த மடங்களின் உணவு. இறைச்சி, மீன் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும் இதில் விலக்கு. டாஷியையும் கொம்பு, ஷீட்டாக்கே காளான் கொண்டே எடுப்பர். எள்ளை அரைத்து, குட்சு கிழங்கு மாவுடன் கிளறி, ஆறவைத்து வில்லையாக்கும் கோமாடோஃபு இதன் சிறப்பு உணவு. பெயரில் டோஃபு இருந்தாலும் அதில் சோயா கிடையாது.

நாட்டோ என்பது நுண்ணுயிரியால் நொதிக்கவைத்த சோயா அவரை. நூல்நூலாக இழுபடும், நெடியும் உண்டு. சுடுசோற்றில் கடுகுவிழுதுடன் பிசைந்து உண்பர். முதல் வாயில் முகம் சுளிப்போர் மூன்றாம் நாள் பழகிவிடுவதும் உண்டு. பொட்டலத்தில் வரும் சிறு சாற்றுப்பையில் பெரும்பாலும் மீன்சாறு கலந்திருக்கும்.

ஓகாயு நம் கஞ்சியேதான். சனவரி 7 அன்று ஏழு வகைக் கீரைகள் இட்டுக் காய்ச்சுவது நானாகுசாகாயு. புத்தாண்டு விருந்துகளால் களைத்த வயிற்றுக்கு இது இதம் என்பர்.

செண்டாய் வட்டாரத்தின் சுண்டா மோச்சியில், பச்சைச் சோயாவைச் சர்க்கரையுடன் மசித்து அரிசிமா உருண்டை மீது பூசுவர். பூரணம் உள்ளே இராமல் வெளியே வந்த கொழுக்கட்டை எனலாம்.