பழைய காரும் புதிய காரும் ஒரே பந்தயத்தில்: டிராக் களத்தில் நியாயத்தை நிர்ணயிப்பது எது?

அமெரிக்காவில் வார இறுதி நாள்களில் நடைபெறும் ‘டிராக்’ எனப்படும் நேர்கோட்டு கார் பந்தயங்களில், 1960-களில் தயாரிக்கப்பட்ட காரும் அண்மையில் ஆலையிலிருந்து வெளிவந்த காரும் அருகருகே நின்று மோதுவது வழக்கமான காட்சியாகும். கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரத்தைக் கடந்து எல்லைக் கோட்டை முதலில் தொடுவதே இலக்கு. அரை நூற்றாண்டு இடைவெளி கொண்ட இரு கார்களை ஒரே பிரிவில் ஓடவிடுவது நியாயமா என்ற கேள்வி, சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் பங்கேற்கும் அமெச்சூர் வீரர்களிடையே நீண்ட காலமாக எழுந்து வருகிறது.

இப்பந்தயங்களை நடத்தும் முதன்மை அமைப்பான தேசிய ஹாட் ராட் சங்கம் (என்.எச்.ஆர்.ஏ.), 1951-ஆம் ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவரால் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. இதன் ‘ஸ்டாக்’, ‘சூப்பர் ஸ்டாக்’ பிரிவுகளில்தான் பழைய, புதிய கார்கள் பெருமளவில் சந்திக்கின்றன.

முன்கூட்டிய புறப்பாடு

வேகம் குறைந்த காருக்குச் சலுகை அளிப்பதே இங்குள்ள முதல் ஏற்பாடு. தனது கார் எத்தனை விநாடிகளில் தூரத்தைக் கடக்கும் என்பதை ஒவ்வொரு வீரரும் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். பழைய காரின் நேரம் 11.20 விநாடி, புதிய காரின் நேரம் 9.80 விநாடி எனில், பழைய காருக்கு 1.40 விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். வேகமான காரை மெதுவானது போலக் காட்டி ஏமாற்றாமலிருக்க, அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடும் கார் தோற்றதாகக் கருதப்படும். இருவருமே அவ்வாறு ஓடினால், குறைவாக மீறியவர் வெல்வார்.

இம்முறையில் காரின் வயது பெரிய தடையல்ல. விளக்கைக் கண்டு விரைந்து புறப்படும் திறனும், ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் ஓடும் சீரான தன்மையுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

சிக்கல் தொடங்கும் இடம்

எனினும், ஒரே வகுப்பைச் சேர்ந்த இரு கார்கள் சந்திக்கும்போது இச்சலுகை கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். எனவே, எந்தக் கார் எந்த வகுப்பில் வைக்கப்படுகிறது என்பதே முக்கியமாகிறது. காரின் எடையை அதற்கு அளிக்கப்பட்ட குதிரைத்திறன் மதிப்பால் வகுத்து வகுப்பு முடிவு செய்யப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 3,400 பவுண்டு எடையுள்ள காருக்கு 335 குதிரைத்திறன் என மதிப்பிடப்பட்டால், ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 10.15 பவுண்டு வரும். அதன் மதிப்பு 400 ஆக உயர்த்தப்பட்டால் இந்த அளவு 8.5 ஆகக் குறைந்து, கார் வேகமான வகுப்புக்குச் செல்ல நேரிடும். பழைய வகுப்பிலேயே நீடிக்க வேண்டுமெனில் சுமார் 660 பவுண்டு, அதாவது 300 கிலோ கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். ஆகவே, காகிதத்தில் உள்ள ஓர் எண் உண்மையைவிடக் குறைவாக இருப்பது, அந்தக் காருக்குப் பெரும் ஆதாயமாகும்.

ஃபோர்டு நிறுவனம் 2008-இலும், செவ்ரோலே நிறுவனம் 2012-இலும் பந்தயத்துக்கென்றே தயாரித்த முஸ்டாங் கோப்ரா ஜெட், கோபோ கமாரோ கார்களை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. இவற்றைச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. கார்ப்யுரேட்டரைக் கையால் சரிசெய்து, கிடைத்தற்கரிய உதிரிபாகங்களைத் தேடி அலையும் பழைய கார் உரிமையாளர்கள், மின்னணு எரிபொருள் அமைப்புடன் வந்த இக்கார்களின் குதிரைத்திறன் மதிப்பு மிகக் குறைவு என முறையிட்டனர்.

பழைய கார்களும் விதிவிலக்கல்ல

ஆனால், இதே புகாருக்குப் பழைய கார்களும் ஒருகாலத்தில் இலக்காயின. 1968-ஆம் ஆண்டு போமோனா பந்தயத்தில் அறிமுகமாகி வென்ற முதல் கோப்ரா ஜெட் காரின் ஆற்றல் 335 குதிரைத்திறன் என்றே அறிவிக்கப்பட்டது. அதன் உண்மையான ஆற்றல் 400-ஐத் தாண்டியது என்பது பரவலான கருத்து. மேலும், 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க நிறுவனங்கள் புகைபோக்கி உள்ளிட்ட துணைப் பாகங்களைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை அளந்தன. பின்னரே காரில் உள்ளபடி அளக்கும் முறைக்கு மாறின. எனவே, இரு காலத்து எண்களையும் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது.

இதனால்தான் தயாரிப்பாளரின் எண்ணை மட்டும் நம்பாமல், களத்தில் பதிவாகும் நேரத்தைக் கொண்டு மதிப்பைத் திருத்தும் முறையை என்.எச்.ஆர்.ஏ. பின்பற்றுகிறது. வகுப்புக்குரிய அடிப்படை நேரத்தைவிடக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விரைவாக ஓடினால், அந்த வகைக் காரின் குதிரைத்திறன் மதிப்பு உயர்த்தப்படும். புதிய ஆலைத் தயாரிப்புக் கார்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளத் தனிப் போட்டிகளும் ஏற்படுத்தப்பட்டன.

இம்முறையிலும் ஓட்டை உண்டு. மதிப்பு உயர்ந்துவிடும் என அஞ்சும் வீரர், எல்லைக் கோட்டை நெருங்கும்போது பிரேக்கை அழுத்தி உண்மையான வேகத்தை மறைக்கலாம். அவ்வாறு மறைக்கப்படும் ஒவ்வொரு விநாடியும், அதே வகுப்பில் நேர்மையாக ஓடும் மற்றொருவரின் வெற்றி வாய்ப்பைக் குறைக்கிறது. ஆக, இப்பந்தயத்தில் நியாயம் என்பது காரின் வயதைப் பொறுத்ததல்ல. அதற்கு அளிக்கப்படும் எண் எந்த அளவுக்கு உண்மையானது, அது எவ்வளவு விரைவாகத் திருத்தப்படுகிறது என்பதைப் பொறுத்ததே ஆகும்.