மலைப்பாதைக்கு உகந்த லாரி எஞ்சின் எது?

கோத்தகிரி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு விளையும் உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு முதலியன மேட்டுப்பாளையம் சந்தையை அடைய ஏறக்குறைய 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கவேண்டும். ஆகையால் பார வண்டி வாங்க விரும்பும் குடியானவர்கள் பெட்ரோல், டீசல் ஆகிய இருவகை எஞ்சின்களின் குணங்களையும் அறிந்திருத்தல் அவசியம்.

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறியால் தீப்பற்றுகிறது. டீசல் எஞ்சினிலோ மிகுதியாக அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயை எரியச் செய்கிறது. இதனால் டீசல் வண்டி குறைந்த வேகத்திலும் பாரத்தை நன்கு இழுக்கும். எண்ணெய்ச் செலவும் குறையும். ஆயினும் அதன் விலை அதிகம். மேலும், 2020 ஏப்ரல் முதல் அமலிலுள்ள பி.எஸ். 6 விதிக்கேற்ப டீசல் வண்டிகளில் பொருத்தப்படும் புகைக்கரி வடிகட்டி, எஞ்சின் போதிய அளவு சூடேறாத குறுகிய ஓட்டங்களில் அடைபட ஏதுவாகும்.

எனவே, அருகிலுள்ள தொழிற்சாலைக்குத் தேயிலைக் கொழுந்து மட்டும் கொண்டுசெல்வோருக்குச் சிறிய பெட்ரோல் வண்டியே போதுமானது. நாள்தோறும் நிறைந்த பாரத்துடன் சமவெளிக்குச் சென்று மீள்வோருக்கு டீசலே லாபகரமானது.

ஆனால் இறக்கத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்தும் சக்தி டீசல் எஞ்சினுக்கு இயல்பில் குறைவு. ஆதலால் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள லாரியையே வாங்குதல் நலம். எவ்வகை வண்டியாயினும் தாழ்ந்த கியரிலேயே இறக்கவேண்டும். கால் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எண்ணெயில் மிச்சமாகும் பணம் உயிருக்கு ஈடாகாது.