கப்பல் புகையும் பழவேற்காடு ஏரியும்: பருவநிலை வாக்குறுதிகளை எப்படிப் படிப்பது?

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பள்ளிவாசலுக்குச் செல்லும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'பெலிகாட்' என்று பெயர். ஐரோப்பியர் 'புலிகாட்' என்றழைத்த நமது பழவேற்காட்டின் பெயர்தான் அது. இங்கிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் அந்த நாடுகளுக்குப் போனதன் அடையாளம். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டியதும் இந்த வணிகத்துக்காகவே.

அன்றைய கப்பல்களைக் காற்று ஓட்டியது. இன்றைய கப்பல்கள் பெரும்பாலும் கனரக எண்ணெயை எரித்து ஓடுகின்றன. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அடுத்தடுத்து இருப்பதால், இந்தக் கப்பல்களின் கணக்கு ஏரிக்கரை மீனவக் குப்பங்களுக்கும் சம்பந்தமான ஒன்று.

எவ்வளவு புகை?

ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேச கடல்சார் அமைப்பின் ஆய்வுப்படி, 2018-ல் உலகக் கப்பல் போக்குவரத்து வெளியிட்ட பசுமைக்குடில் வாயுக்கள் சுமார் 107 கோடி டன். மனிதர்கள் வெளியிடும் மொத்தத்தில் இது ஏறத்தாழ 3 சதவீதம். 2050 வாக்கில் நிகர பூஜ்ஜியத்தை எட்ட வேண்டும் என்று 2023 ஜூலையில் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. இதைச் சட்டமாக்கும் விதிமுறைகளுக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அக்டோபரில் இறுதி முடிவை ஓராண்டு தள்ளி வைத்துவிட்டார்கள்.

உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான டென்மார்க்கின் மெர்ஸ்க், 2040-க்குள் நிகர பூஜ்ஜியம் என்று அறிவித்துள்ளது. மெத்தனாலில் ஓடக்கூடிய அதன் முதல் பெட்டகக் கப்பல் 2023-ல் வந்தது. காட்டுப்பள்ளியை நடத்தும் அதானி துறைமுக நிறுவனமும் இலக்குகள் அறிவித்துள்ளது: 2025-க்குள் கார்பன் சமநிலை, 2040-க்குள் நிகர பூஜ்ஜியம்.

இரண்டு சொற்கள், மூன்று கணக்குகள்

இந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல. கார்பன் சமநிலை என்றால், வெளியிட்ட புகைக்கு ஈடாக மரம் நட்டோ, வேறிடத்தில் புகையைக் குறைத்தவர்களிடம் கார்பன் வரவுகளை வாங்கியோ கணக்கை நேர் செய்வது. நிகர பூஜ்ஜியம் என்றால், முதலில் சொந்தப் புகையை முடிந்த அளவு குறைத்து, மிஞ்சும் கொஞ்சத்தை மட்டும் காற்றிலிருந்து அகற்றுவது. இரண்டாவதுதான் கடினம்.

நிறுவனங்கள் தம் புகையை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. தாமே எரிக்கும் எரிபொருள் முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாம் வகை. வாடிக்கையாளர்கள், ஒப்பந்ததாரர்கள் வழியாக வருவது மூன்றாம் வகை.

ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் புகைபோக்கியிலிருந்து வரும் புகை கப்பல் நிறுவனத்தின் கணக்கில் முதல் வகை. அதே புகை துறைமுகத்தின் கணக்கில் மூன்றாம் வகை. கார்பன் சமநிலை அறிவிப்புகள் பொதுவாக முதல் இரண்டு வகைகளோடு நின்றுவிடும். கிரேன்களை மின்சாரத்துக்கு மாற்றி, சூரிய மின்சாரம் வாங்கினாலே ஒரு துறைமுகம் அந்த இலக்கை நெருங்கிவிடலாம். வந்து போகும் கப்பல்களும் சரக்கு லாரிகளும் எத்தனை மடங்கு பெருகினாலும் அந்தக் கணக்கு கூடாது.

கணக்கில் வராத ஏரி

2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை, சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கத் திட்டம் முன்வைக்கப்பட்டது. இதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலை மண்ணால் நிரப்பிப் பெற வேண்டிய நிலம். ஆண்டுக்கு 2.46 கோடி டன்னாக இருந்த சரக்குத் திறன் 32 கோடி டன்னாக உயரும் என்பது திட்டம். வேலைவாய்ப்பும் வணிகமும் பெருகும் என்பது ஆதரிப்போர் வாதம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் ஒத்திவைக்கப்பட்டது.

மீனவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் நீண்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. அங்கே கடலையும் ஏரியையும் பிரிப்பது ஒரு மெல்லிய மணல்திட்டு மட்டுமே. அது உடைந்தால் ஏரியின் உப்பும் ஆழமும் மாறும். இறாலும் நண்டும் மடவையும் அதற்கேற்ப மாறும். ஏற்கெனவே முகத்துவாரம் மணல் மூடி, படகு கடலுக்குள் போக முடியாமல் தவிக்கும் குப்பங்கள் இவை. புவி சூடாகிக் கடல்மட்டம் உயர்வதும் புயல்கள் வலுப்பதும் இதன் மேல் வரும் சுமை.

இந்த இழப்புகளுக்குக் கார்பன் கணக்கில் இடமில்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரை கறுத்தது, மீனை வாங்க ஆளில்லை. அந்த நஷ்டமும் எந்த டன் கணக்கிலும் ஏறவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

கப்பல், ஏற்றுமதி, சரக்குப் போக்குவரத்துத் துறைகளில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். துறைமுகமே வேண்டாம் என்பதல்ல நமது பேச்சு. 'பசுமைத் துறைமுகம்', 'கார்பன் சமநிலைக் கப்பல்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் போதும். எந்த வகைப் புகையைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்? புகை உண்மையில் குறைந்ததா, அல்லது வரவு வாங்கி ஈடு கட்டினார்களா? கரையில் வாழ்பவர்களின் இழப்பை யார் எழுதி வைக்கிறார்கள்?

முதல் இரண்டுக்கும் நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் பதில் தேடலாம். மூன்றாவது அங்கே கிடைக்காது. அதைச் சொல்லும் உரிமை குப்பத்து மக்களுக்கு இருக்கும் இடம் கருத்துக் கேட்புக் கூட்டம். அது முறையாக நடக்க வேண்டும், அவர்கள் சொல்வது பதிவாக வேண்டும் என்று கேட்பது அவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் கடமை.