பாக்கெட் மசாலாவில் திண்டுக்கல் பிரியாணி... உப்பை மட்டும் கடைசியில் போடுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. வத்தலக்குண்டு பக்கம், பட்டிவீரன்பட்டியை ஒட்டியிருக்கும் சேவுகம்பட்டியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அடுப்படியில் கறி வதங்கும் வாசனை தெருவரைக்கும் வந்தது. மருமகள் முகத்தில்தான் கவலை.

‘‘மாமாவுக்கு பிரஷர் கூடிடுச்சு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு. ஊறுகாயை நிறுத்தியாச்சு, அப்பளத்தை நிறுத்தியாச்சு. அப்பவும் இறங்க மாட்டேங்குதே!’’

சொல்லிக்கொண்டே கறியில் மூணு ஸ்பூன் கல் உப்பைப் போட்டார். அடுத்து, கடையில் வாங்கிய பிரியாணி மசாலா பாக்கெட்டைப் பிரித்து முழுசாகக் கொட்டினார். காலி பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தோம். சேர்மானங்களில் மூன்றாவதாக இருந்தது... உப்பு!

‘‘அட, இதுலயும் உப்பு இருக்கா?’’

மசாலா மாறியது... கை மாறவில்லை!

அம்மியில் அரைத்த காலத்தில் மசாலாவில் உப்பு கிடையாது. நம் கைதான் அளவு. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பிரியாணி மசாலா, குழம்பு மசாலாக்கள் பலவற்றில் உப்பும் கலந்தே வருகிறது. சிலவற்றில் இருக்காது. அது தெரியாமல் பழைய கையளவிலேயே போட்டால், உப்பு இரண்டு முறை விழுகிறது!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அதாவது, தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். காலை இட்லி, சட்னியில் தொடங்கி ராத்திரி சாப்பாடு வரை எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

பாக்கெட்டைப் படிப்பது எப்படி?

எந்தப் பொருள் எடையில் அதிகமோ, அதுதான் சேர்மானங்களில் முதலில் வரும். உப்பு முன்வரிசையில் இருந்தால் உஷாராகிவிடுங்கள். ‘சோடியம்’ அளவு போட்டிருந்தால் கணக்கு சுலபம்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. உதாரணத்துக்கு, 100 கிராம் மசாலாவில் 4,000 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், 50 கிராம் பாக்கெட்டில் மட்டும் 5 கிராம் உப்பு!

திண்டுக்கல் ருசியே கைகொடுக்கும்

1957-ல் திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார் நாகசாமி நாயுடு. அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் வந்த பெயர்தான் ‘தலப்பாக்கட்டி’. இந்த ஊர்ப் பிரியாணிக்கு அடையாளம் சீரக சம்பா அரிசி, மிளகுக் காரம், தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு. புளிப்பும் காரமும் தூக்கலாக இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. இது நமக்கு நல்ல வசதிதானே!

செய்முறை (4-5 பேருக்கு)

சீரக சம்பா அரை கிலோவைக் கழுவி 20 நிமிடம் ஊற வையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, 200 கிராம் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லித்தழை வதக்குங்கள். சின்னத் துண்டுகளாக நறுக்கிய ஆட்டுக்கறி அரை கிலோ, தயிர் அரை கப் சேருங்கள். 50 கிராம் பாக்கெட்டில் பாதி மசாலா போதும். மீதிக்கு, புதிதாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன். இப்போது உப்பு வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு, குக்கரில் கறியை வேக வையுங்கள்.

வெந்த கறித் தண்ணீரோடு சேர்த்து, ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் என்று தண்ணீர் அளந்து கொதிக்க விடுங்கள். ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, ருசி பார்த்து, அப்புறம் அரை அரை ஸ்பூனாக உப்பு. அரிசியைப் போட்டு, தண்ணீர் வற்றியதும் மூடி 15 நிமிடம் தம்மில் விடுங்கள்.

தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடி போதும். அதில் உப்பு தேவையில்லை. ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்க நினைத்தால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கும்.

அடுத்த முறை போனபோது அதே வீட்டில் அதே பிரியாணி. மாமா ரசித்துச் சாப்பிட்டார். ‘‘உப்பு எப்படி மாமா?’’ என்று மெதுவாகக் கேட்டார் மருமகள்.

‘‘ஏன், சரியாத்தானே இருக்கு?’’