துருவ ஒளியும் இயற்கையின் வானொலியும்

இடியும் மின்னலுமாக மழை கொட்டிய மாலை வேளைகளில் மத்திய அலையில் வானொலி கேட்டவர்களுக்கு, மின்னல் வெட்டும்போதெல்லாம் பாட்டை மறைத்து எழுந்த 'கரகர' ஓசை நினைவிருக்கும். வானொலி அலைகளை மனிதன் மட்டுமன்றி இயற்கையும் உண்டாக்குகிறது என்பதற்கு அதுவே சான்றாகும். அத்தகைய இயற்கை அலைகளுக்கும், துருவ நாடுகளின் வானில் தோன்றும் ஒளிக்கும் நெருங்கிய உறவு உண்டு.

துருவ ஒளி என்பது யாது? நார்வே, கனடா, அலாஸ்கா போன்ற இடங்களில், இரவு வானில் பச்சைத் திரைச்சீலை அசைவதுபோல் ஓர் ஒளி தோன்றும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் அதனைக் காண இயலாது. கதிரவனிடமிருந்து மின்துகள்கள் ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியோ ஒரு பெரிய காந்தம். பூமியைச் சூழ்ந்த வெளியில் ஆற்றல் பெறும் எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள், காந்தக் கோடுகளின் வழியே துருவப் பக்கம் இறங்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் காற்றோடு மோதுகின்றன. அம்மோதலில் பிறப்பதே அவ்வொளி. பச்சை நிறம் ஆக்சிஜன் தருவது.

1894ஆம் ஆண்டில் துருவ ஒளி தோன்றிய சமயம், பிரிட்டனில் தந்திக் கம்பிகளோடு இணைத்த தொலைபேசிக் கருவிகளில் விந்தையான ஓசைகள் கேட்டன. முதல் உலகப் போரின்போது, எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க முயன்ற ஜெர்மானியர்களுக்கும் சீழ்க்கை போன்ற ஓசை கேட்டது. பார்க்ஹௌசன் என்ற அறிஞர் இதனை 1919இல் எழுதினார். 1953இல் ஸ்டோரி என்பவர் காரணத்தை விளக்கினார். மின்னல் எழுப்பிய அலை, காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு விண்வெளிக்குச் சென்று, பூமியின் மறுபாதியில் இறங்குகிறது. உயர்ந்த சுருதி முன்னும் தாழ்ந்த சுருதி பின்னும் வந்து சேர்வதால் அது சீழ்க்கையாகக் கேட்கிறது. ஆகவே, சீழ்க்கைக்குத் தாய் மின்னலே, துருவ ஒளியன்று.

மற்றோர் ஓசையும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்குச் செல்வோர் கேட்கும் பறவைக் கூச்சலை ஒத்திருப்பதால், அதற்கு 'வைகறைக் கூட்டிசை' என்னும் பொருளில் பெயரிட்டனர். விண்வெளியிலுள்ள எலெக்ட்ரான்களே இவ்வலைகளை எழுப்புகின்றன. அலைகளோ திரும்பவும் எலெக்ட்ரான்களைத் தாக்கி, அவற்றுள் சிலவற்றைக் காற்றுமண்டலத்திற்குள் தள்ளிவிடுகின்றன. அப்பொழுது, விட்டுவிட்டு மினுக்கும் ஒருவகைத் துருவ ஒளி பிறக்கிறது. ஜப்பானின் 'அராசே' செயற்கைக்கோள் மேலிருந்து அலைகளையும் துகள்களையும் அளக்க, தரையிலிருந்த படக்கருவி ஒளியைப் பதிவு செய்தது. இரண்டும் ஒத்திருந்ததை 2018இல் அறிஞர்கள் வெளியிட்டனர்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். இவை ஒலியலைகள் அல்ல, மின்காந்த அலைகள். வெறுங்காதுக்கு எட்டா. நீண்ட கம்பியும் ஒலிபெருக்கியும் கொண்ட கருவியே அவற்றை ஓசையாக மாற்றித் தருகிறது.

இதனால் நமக்கென்ன பயன் என்று சிலர் வினவலாம். இதே அலைகள் சில எலெக்ட்ரான்களுக்குப் பேராற்றலையும் ஊட்டுகின்றன. அத்துகள்கள் செயற்கைக்கோள்களின் கருவிகளைப் பழுதாக்க வல்லவை. புயல் எச்சரிக்கைக்கும் தொலைக்காட்சிக்கும் நாம் செயற்கைக்கோள்களை நம்பியிருக்கிறோம். துருவ ஒளி நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அதனை உண்டாக்கும் ஆற்றல் நம் வாழ்வையும் தொடுகிறது. விண்வெளியின் அந்த மெல்லிய ஓசைகளை அறிஞர்கள் இரவு பகலாகக் கவனித்து வருவதும் அதனாலேயே.